சாம்பல் நிறத்தில் ஏழு பெண்கள்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
12 ஜூன் 2023

அன்புள்ள மாளவிகா அக்காவுக்கு,

ஸ்மிதாவின் நமஸ்காரம். இங்கே அப்பா, மஹேஷ், நான் மூவரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு புகார் இல்லை. உங்கள் தொண்டைவலி விட்டதா? படோவாவில் வெயில் எப்படி?

ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் தம்பியின் ஃபோனில் பேசுகிறோமே, இது என்ன காகிதம் என்று நினைப்பீர்கள். காரணம் அப்பாதான். என் கையில் ஃபோனைப் பார்த்தால் பிடுங்கி வைத்துக்கொள்கிறார். லேப்டாப்பைத் திறந்தால் அந்த வெளிச்சம் அவருக்கு ஆகவில்லை, பதறுகிறார். பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தால் மட்டும் பக்கத்தில் சமத்தாக உட்கார்ந்துகொள்கிறார். ரிட்டயரானதை மறந்து, ஏஜீஸ் ஆபீசில் தன்னோடு நோட் போடுகிறேன் என்று எண்ணம். “ஃபைல் எப்போ மேல போகும்?” என்பார். “சாயங்காலம் போயிடும்ப்பா” என்பேன். என் தீசிஸையே இப்போது கையால்தான் எழுதுகிறேன்.

உங்களிடம் ஓர் உதவி வேண்டும். கல்யாணமான புதிதில் என் ஆராய்ச்சி என்னவென்று கேட்டீர்கள். சமையலறையில் யாரோ கூப்பிட்டார்கள், சொல்லி முடிக்கவில்லை. இப்போது சொல்கிறேன். நீங்கள் இருக்கும் ஊரில் எழுநூறு வருஷத்துக்கு முன் ஜோட்டோ வரைந்த சிறிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. சுவரின் மேல்பகுதியெல்லாம் நீலமும் பொன்னுமாக மாதாவின் கதையும் யேசுவின் கதையும். அடிவரிசையில் மட்டும் வர்ணமே கிடையாது. கல்லில் செதுக்கி வைத்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஏழு பெண்கள். ஒவ்வொருத்தியும் ஒரு நற்குணம்: விவேகம், திடம், அடக்கம், நீதி, விசுவாசம், அன்பு, நம்பிக்கை. எதிர்ச்சுவரில் ஏழு துர்க்குணங்கள். குணத்துக்கு உடம்பு கொடுக்கவேண்டி வந்தபோது அந்தக் காலத்து இத்தாலியில் ஏன் பெண்ணுடம்பையே எடுத்துக்கொண்டார்கள், கையில் கொடுத்த பொருள்களுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் என் விஷயம்.

ஏழு வருஷமாக அவர்களைப் பற்றி எழுதுகிறேன். ஒருத்தியையும் நேரில் பார்த்ததில்லை. அடக்கம் என்று நான் சொல்லும் பெண்ணின் வாயில் குதிரைக்குப் போடும் கடிவாளம் இருக்கிறது. கையில் வாள் இருக்கிறது, உறையோடு சேர்த்து வாரால் சுற்றிக் கட்டியிருக்கிறது. அந்தக் கடிவாளத்தின் வார் எங்கே போய் முடிகிறது என்பது புத்தகப் படங்களில் சரியாகத் தெரியவில்லை. யாராவது பிடித்திருக்கிறார்களா? ஒரு நாள் போய்ப் பார்த்து எழுத முடியுமா?

இந்த வருஷமாவது வருவீர்களா? அப்பா உங்கள் பெயரை இன்னும் மறக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்மிதா

•

படோவா,
9 ஜூலை 2023

அன்புள்ள ஸ்மிதாவுக்கு,

ஆசீர்வாதம். நான் சுகம். தொண்டை சரியாகிவிட்டது. உன் கையெழுத்து இத்தனை அழகு என்று எனக்குத் தெரியாது. அப்பாவின் ஆபீஸ் கதையைப் படித்துச் சிரித்தேன்; பிறகு கொஞ்ச நேரம் சிரிக்க முடியவில்லை.

இங்கே பதினொரு வருஷமாக இருக்கிறேன். ஆய்வகத்துக்குச் சைக்கிளில் போகும்போது தினமும் அந்தத் தேவாலயத்தின் மதிலைத் தாண்டித்தான் போகிறேன். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உனக்காகப் போனேன்.

நேராக உள்ளே விடமாட்டார்கள். ஓவியத்துக்கு ஈரமும் தூசியும் ஆகாதாம். முதலில் ஒரு கண்ணாடி அறையில் எங்களை உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். கால் மணி நேரம் போல அங்கேயே இருந்து எங்கள் மூச்சு ஆறிய பிறகுதான் உள்கதவு. உள்ளே போனால், அம்மாடி, அந்த நீலம்! உன் பெண்களை மறந்தேவிட்டேன். நேரமாகிறது என்று மணி அடித்த பிறகுதான் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

நீ கேட்டது: வார் கன்னத்தின் ஓரமாகப் போய் முக்காட்டுக்குள் மறைகிறது. யாரும் பிடித்திருக்கவில்லை. அவளே போட்டுக்கொண்டதுபோலத்தான் இருக்கிறது. முகத்தில் வலியும் இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

இந்த ஊர் பதுவை அந்தோணியாரின் ஊர் என்பது உனக்குத் தெரியுமே. நம் பாளையம் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றுபவர்களிடம் சொன்னால் உனக்குத் தனி மரியாதை கிடைக்கும்.

மஹேஷை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

அன்புடன்
மாளவிகா

•

ஸ்ரீவராகம்,
2 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். கடிதத்தைப் பொன்செல்வி கையிலிருந்து வாங்கியதும் நின்ற இடத்திலேயே படித்தேன். நாங்கள் சௌக்கியம். அப்பாவுக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லாமல் இருந்தது, கஞ்சியில் சரியாயிற்று.

பொன்செல்வி யார் என்று நினைப்பீர்கள். எதிர்வீட்டு வடிவம்மாள் வீட்டில் வேலை செய்கிறாள், தென்காசிப் பக்கத்துப் பெண். தபால்காரர் எங்கள் கடிதத்தையும் அங்கேயே கொடுத்துவிடுகிறார். அவள் ஜன்னல் வழியாக எனக்குத் தருவாள். நான் எழுதியதை வாங்கிக்கொண்டுபோய்ப் பெட்டியில் போடுவாள். அந்தோணியார் ஊர் என்று சொன்னதும் “அப்ப எனக்கும் ஒரு திரி ஏத்தச் சொல்லுக்கா” என்றாள்.

யாரும் வாரைப் பிடித்திருக்கவில்லை என்ற ஒரு வரிக்காக என் மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது?

அந்தக் கண்ணாடி அறையைப் பற்றி இன்னொன்று கேட்க வேண்டும். ஆராய்ச்சிக்காக இல்லை. உள்ளே இருக்கும்போது கதவை யார் திறப்பார்கள்? உள்ளேயிருந்து நீங்களே திறக்க முடியுமா?

நல்ல செய்தி. நவம்பர் 17 அன்று எனக்கு யூனிவர்சிட்டியில் செமினார். அது முடிந்தால்தான் தீசிஸ் கொடுக்க அனுமதி. இதுவே கடைசி நீட்டிப்பு என்று கைடு ஆனந்தகிருஷ்ணன் சார் சொல்லிவிட்டார். அன்றைக்கு லீவ் போட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்வதாக மஹேஷ் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் வருவது பற்றி எழுதவில்லையே.

ஸ்மிதா

•

படோவா,
30 ஆகஸ்ட் 2023

அன்புள்ள ஸ்மிதாவுக்கு,

திருவோணத்துக்கு மறுநாள் எழுதுகிறேன். இங்கே நாலு மலையாளி நர்ஸ்களோடு சேர்ந்து அவியலும் பாயசமும் சாப்பிட்டேன். எல்லோரும் நலம்தானே? அப்பாவின் வயிறு?

செமினார் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். மறுபடி ஒரு தடவை உள்ளே போனேன், இந்தத் தடவை நீலத்தைப் பார்க்காமல் நேரே அடிவரிசைக்கு. உன் அடக்கத்துக்கு நேர் எதிர்ச்சுவரில் யார் தெரியுமா? கோபம். தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, நெஞ்சுக்கு மேலே உடையைத் தன் இரண்டு கையாலும் கிழித்துத் திறக்கிறாள். இவள் வாயைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டே எழுநூறு வருஷம் நிற்கிறாள். உனக்கு இதெல்லாம் பழைய செய்தி. எனக்குப் புதிது. பட அட்டைகள் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன்.

கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும். நாம் திறக்க முடியாது. வெளியே ஓர் ஆள் இருக்கிறார். ஏன் கேட்டாய்?

நானும் ஒன்று கேட்கிறேன். பொன்செல்வியிடம் ஏன் ஜன்னல் வழியாகக் கொடுக்கிறாய்? வாசலுக்கு வந்து கொடுத்தால் என்ன?

பொன்செல்விக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று என்று சொல்.

அன்புடன்
மாளவிகா

•

ஸ்ரீவராகம்,
26 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நாங்கள் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும்.

அட்டைகள் கிடைத்தன. அழகாக இருக்கின்றன.

செமினார் முடிந்துவிட்டது.

ஜன்னல் கிட்டத்தில் இருப்பதால் அப்படிக் கொடுப்பதே சௌகரியம்.

துலா மழை இன்னும் விடவில்லை. அப்பா கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

ஸ்மிதா

•

படோவா,
16 டிசம்பர் 2023

அன்புள்ள ஸ்மிதாவுக்கு,

ஆசீர்வாதம், அதோடு பெரிய வாழ்த்து! இங்கே பனி கொட்டுகிறது, எனக்கு ஜலதோஷம், ஆனாலும் உன் கடிதம் பார்த்து ஆய்வகத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். என் தம்பி மனைவி எங்கள் ஊர் ஓவியத்தில் டாக்டர் ஆகப்போகிறாள் என்று சொன்னால் இந்த இத்தாலிக்காரர்கள் நம்பமாட்டேன் என்கிறார்கள். யார் என்ன கேள்வி கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று ஒன்றும் எழுதவில்லையே. இப்படியா நாலு வரியில் முடிப்பது?

இதுவரை சனிக்கிழமை எழுதினேன். இப்போது ஞாயிறு இரவு. மஹேஷோடு பேசிவிட்டு வருகிறேன். “ஸ்மிதாவுக்கு என் வாழ்த்தைச் சொன்னியோடா?” என்றேன். “எதுக்கு?” என்றான். “செமினாருக்கு.” “அவ போகலையே அக்கா. இன்னும் தயாராகலைன்னு அவளே சொன்னா.”

நீ அறையில்தான் இருந்தாய், அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டு. வீடியோவில் எனக்குத் தெரிந்தது. உன்னிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னேன்; நீ “அப்புறம் பேசறேன் அக்கா” என்றாய்.

ஏழு வருஷம் எழுதியவள் தயாராகவில்லை என்பதை நான் நம்பவில்லை. என்ன நடந்தது? எனக்கு எழுது. யாருக்கும் சொல்லமாட்டேன்.

மாளவிகா

•

ஸ்ரீவராகம்,
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். ஜலதோஷம் விட்டதா? நாளைக்குப் பொங்கல். அப்பா உறங்குகிறார். நீங்கள் கேட்டதை எழுதிவிடுகிறேன். நிறுத்தினால் மறுபடி எழுதமாட்டேன்.

போன வருஷத்துக்கு முந்தின மேட மாதத்தில் அப்பா காணாமல் போனது உங்களுக்குத் தெரியும். எப்படிப் போனார் என்பது தெரியாது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். சாவி ஆணியில் தொங்கியது. வந்து பார்த்தால் வாசல் திறந்து கிடக்கிறது. சாயங்காலம் வரை தேடினோம். ரதீஷ் என்கிற ஆட்டோக்காரர்தான் கரமனை ஆற்றுப் படித்துறையில் அவரைப் பார்த்து அழைத்துவந்தார், காலெல்லாம் ரத்தம். அதற்குள் மஹேஷ் ஆற்றில் இறங்கிக் கையால் துழாவிக்கொண்டிருந்தார். இடுப்புவரை சேறோடு வீட்டுக்கு வந்து நின்றவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் இரண்டு சாவியையும் தன் பையில் போட்டுக்கொண்டார். ஆபீஸ் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனார். பின்கட்டுக்கு கிரில் போட்டார். ஹோம் நர்ஸ் மூன்று பேர் வந்தார்கள். அப்பா அடித்ததில் மூவரும் போய்விட்டார்கள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை அக்கா. குற்றம் என் பேரில் அல்லவா? கொஞ்ச நாள்தானே என்று நினைத்தேன். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இருக்கும்போது நான் வெளியே போகலாம். போய்க்கொண்டும் இருந்தேன். அப்புறம் போவதில்லை. எங்கே போவது என்று தோன்றிவிடும்.

நவம்பர் 17 அன்று மஹேஷ் நிஜமாகவே லீவ் போட்டிருந்தார். காலையில் ஆபீசிலிருந்து ஃபோன் வந்தது. “ஒரு மணி நேரம், வந்துடறேன். நீ புடவையைக் கட்டிண்டு ரெடியா இரு” என்றார். நான் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு அறைக்குள் பின் குத்திக்கொண்டிருந்தேன். வாசலில் பூட்டும் சத்தம் கேட்டது.

அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகச் செய்துவிட்டது.

செமினார் பதினோரு மணிக்கு. பத்திலிருந்து ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. மீட்டிங்கில் ஃபோனை அணைத்து வைத்திருந்தாராம். ஜன்னலுக்கு எதிரே வடிவம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. என் கணவர் என்னைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார் என்று தெருவில் எப்படிக் கத்துவது? இரண்டு வருஷமாகத் தெருவுக்கே தெரியும், ஆனாலும் அதை நான் வாயால் சொன்னதில்லை. கைடுக்கு ஃபோன் செய்து ஜுரம் என்றேன். மஹேஷ் மூன்று மணிக்கு வந்தார். என் புடவையைப் பார்த்தார். “ஸாரி ஸ்மிதா, இன்னொரு டேட் தருவாளே, இல்லையா?” என்றார். “தயாராகலை, அதான் போகலை” என்று நானே சொன்னேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

எல்லோரும் என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள். முன்பு கோயிலில், கல்யாணத்தில்; இப்போது அப்பாவைப் பார்க்க வருகிறபோது. சீதாலக்ஷ்மி சித்தி என் கன்னத்தைத் தடவி “ஒன்னைப்போல ஒருத்தி கிடைக்கணுமே” என்றாள். நான் அதைக் கேட்டுச் சிரித்தேன்.

இவ்வளவுதான். மஹேஷைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்மிதா

•

படோவா,
10 பிப்ரவரி 2024

அன்புள்ள ஸ்மிதாவுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்க இன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

சொல்லமாட்டேன் என்ற வாக்கை மீறி, உன் கடிதம் வந்த அன்றே மஹேஷை ஆபீஸ் நேரத்தில் கூப்பிட்டேன். திட்டினேன். “எனக்கு வேற என்ன வழி அக்கா? நீ சொல்லு” என்றான். பிறகு அழுதான். சாவியை அவளிடம் கொடு என்றேன். சரி என்றான்.

நீ இரண்டு தடவை கேட்டாய், வருவீர்களா என்று. நான் இரண்டு தடவையும் ஓவியத்தைப் பற்றி எழுதினேன். நீ கவனித்திருப்பாய். லீவ் கிடைக்காமல் இல்லை. பயம். அப்பாவுக்குப் பெண் நான். தனியாள், குழந்தையில்லை. வந்து நின்றால் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் தோன்றும், யாரும் வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம். நானே தங்கிவிடுவேன் என்பதுதான் பயம்.

இதை எழுதிவிட்டு உன்னைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நல்லவேளை, நடுவில் கடல் இருக்கிறது.

உன் கைடிடம் போய் இன்னொரு தேதி கேள். ஜுரம் என்றே சொல், பாதகமில்லை.

மாளவிகா

•

கரமனை,
8 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நான் சுகம். மேலே இருக்கும் விலாசத்தைப் பார்த்தீர்களா? என்னோடு காலேஜில் பாடம் எடுத்த ஷிஜாவின் வீட்டு மாடி. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

நீங்கள் பேசிய பிறகு சாவி இரண்டு நாள் ஆணியில் தொங்கியது. மூன்றாம் நாள் காணோம். நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனந்தகிருஷ்ணன் சார் மார்ச் ஒன்றாம் தேதி கொடுத்தார். “இனி ஜுரம் வந்தாலும் வாங்கோ” என்றார். இந்தத் தடவை மஹேஷை லீவ் கேட்கவில்லை. தேதியையே சொல்லவில்லை. அவர் பூட்டிக்கொண்டு போன பிறகு ஜன்னலில் நின்று பொன்செல்வியைக் கூப்பிட்டேன்.

“உங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போயாச்சா?”

“இல்லக்கா, முக்குல சாயா குடிச்சிட்டு நிக்காரு.”

“அவரை வரச்சொல்லு. பூட்டு அறுக்கிற மெஷினோட.”

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “தாத்தாவுக்கு எதும்...?”

“தாத்தாவுக்கு ஒண்ணுமில்லை. எனக்கு வெளிய போகணும்.”

அக்கா, அதை நான் வாயால் சொல்லிவிட்டேன். சொல்ல இவ்வளவுதானா என்று இருந்தது.

அவள் புருஷன் வன்னியபெருமாள் கட்டட வேலைக்காரர். வந்து பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சார் வந்து கேட்டா என்னம்மா சொல்லட்டும்?” என்றார். “நான் சொன்னேன்னு சொல்லுங்கோ. நானும் இந்த வீட்டுக்காரிதானே” என்றேன். மெஷின் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்தது. வடிவம்மாள் என்னிடம் ஓடி வந்தாள். “என்ன மக்களே இது? மஹேஷுக்கு ஃபோன் பண்ணட்டா?”

“பண்ணுங்கோ அம்மா. நான் யூனிவர்சிட்டிக்குப் போயிருக்கேன், அப்பாவும் என்கூட வரார்னு சொல்லுங்கோ.”

அப்பாவுக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டினேன். “ஆபீசுக்கா?” என்றார். ஆமாம் என்றேன். ரதீஷ் ஆட்டோவில் பாளையம் வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடியே வந்தார். ஒரு தடவைகூடக் கத்தவில்லை. இரண்டு வருஷமாக அவரையும் அல்லவா பூட்டி வைத்திருந்தோம்.

செமினார் ஹாலில் பின்வரிசையில் ஷிஜாவின் பக்கத்தில் உட்காரவைத்தேன். நன்றாகத்தான் போனது. நீங்கள் பார்த்துச் சொன்ன வார் பற்றிப் பேசி, அந்தப் படத்தைத் திரையில் போட்டேன். பின்னாலிருந்து அப்பாவின் குரல்: “வாயில என்ன அது?”

எல்லோரும் திரும்பினார்கள். “கடிவாளம்ப்பா” என்றேன், மைக்கிலேயே.

“எதுக்கு? வலிக்குமே. கழட்டச் சொல்லு.”

யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். தீசிஸ் கொடுக்க அனுமதி கிடைத்துவிட்டது.

சாயங்காலம் வந்தபோது மஹேஷ் படியில் உட்கார்ந்திருந்தார். அறுத்த பூட்டு மடியில் இருந்தது.

“அப்பா தொலைஞ்சு போயிருந்தா?”

“தொலையலையே.”

“நான் அன்னிக்கு ஆத்து வெள்ளத்துல இறங்கித் தேடினேன் ஸ்மிதா. ஒவ்வொரு தடவையும் கையில என்னமோ தட்டுப்படும்போது... உனக்குத் தெரியாது.”

“தெரியும். அதனாலதான் இத்தனை நாள் வாயைத் திறக்கலை.”

மடியிலிருந்த பூட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தனக்குத் தானே சொல்லிக்கொள்வதுபோல “புதுப் பூட்டு வாங்கணும்” என்றார்.

அதுவரை எனக்குப் போகும் எண்ணம் இல்லை அக்கா. சத்தியமாக இல்லை. மன்னிப்புக்கூட நான் எதிர்பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தை கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய் அப்பாவுக்குத் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன். எந்த மருந்து எப்போது என்று மஹேஷுக்குச் சொன்னேன். தீசிஸையும் நாலு புடவையையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். “எங்க போறே?” என்றார். கரமனைக்கு என்றேன். “எப்ப வருவே?” என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

இங்கே வந்த முதல் இரண்டு ராத்திரி எழுந்து எழுந்து தாழ்ப்பாளைத் திறந்து பார்த்தேன். திறந்தது. அப்பாவை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. என்னைத் தவிர யார் கொடுத்தாலும் அவர் வாய் திறப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் வாருங்கள் என்று இனி எழுதமாட்டேன்.

ஸ்மிதா

•

ஸ்ரீவராகம்,
21 ஏப்ரல் 2024

அன்புள்ள ஸ்மிதாவுக்கு,

ஆசீர்வாதம். நீ நலமா? நாம் இரண்டு பேரும் இப்போது ஒரே ஊரில் இருந்துகொண்டு காகிதம் எழுதிக்கொள்கிறோம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஃபைல் மேலே போயிற்றா என்கிறார்.

விஷுவுக்கு மறுநாள் வந்தேன். மூன்று மாதம் லீவ். திரும்பிப் போக டிக்கெட்டும் எடுத்துக்கொண்டுதான் வந்தேன், அதை மஹேஷிடம் முதல் நாளே காட்டிவிட்டேன். அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. என்னை ஸ்மிதா என்று கூப்பிடுகிறார். முதல் நாள் திருத்தினேன். இப்போது திருத்துவதில்லை, அப்படிக் கூப்பிட்டால்தான் வாய் திறந்து சாப்பிடுகிறார். மஹேஷ் மெலிந்துவிட்டான். இந்த ஒன்றரை மாதமாக லீவ் போட்டு அவனே பார்த்துக்கொண்டான். அப்பாவின் நகக்கீறல் அவன் கையெல்லாம்.

வியாழக்கிழமை அவன் முதல் முறையாக ஆபீசுக்குக் கிளம்பினான். நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் பூட்டும் சத்தம் கேட்டது.

நீ எழுதிப் படித்திருக்கிறேன். காதால் கேட்பது வேறு. ஒரு நிமிஷம் என்னால் அசைய முடியவில்லை. ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். “மஹேஷ், தெற.” தெருக்கோடியிலிருந்து திரும்பி ஓடி வந்து திறந்தான். “பழக்கம் அக்கா, அறியாம...” என்றான்.

“ஷூவைக் கழட்டு. உள்ள வா” என்றேன். வந்தான். அவன் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு நான் வெளியே போனேன், கதவைச் சாத்தினேன், பூட்டினேன். “அக்கா, எனக்கு ஆபீஸ்” என்றான். எனக்கும் வெளியே போகணும் என்று சொல்லிவிட்டு நடந்தேன். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. பத்மதீர்த்தக் குளக்கரையில் போய் உட்கார்ந்தேன். சாலை பஜார் வரை போனேன். ஒரு கடையில் எலுமிச்சை பிழிந்த நாரங்கா வெள்ளம் குடித்தேன். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நடுவில் எனக்கே பயமாக இருந்தது, அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்று. ஆனாலும் போகவில்லை. வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் திரும்பினேன்.

திறந்தபோது மஹேஷ் கதவுக்கு அருகே தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டையெல்லாம் வேர்வை. அப்பா அவன் தோளில் சாய்ந்து பழம் தின்றுகொண்டிருந்தார்.

“நீ வரமாட்டியோன்னு நினைச்சேன்” என்றான்.

அன்றைக்கு அவன் ஆபீஸ் போகவில்லை. சாயங்காலம் அப்பாவைக் கையைப் பிடித்துத் தெருக்கோடி வரை நடத்திக்கொண்டுபோய் வந்தான்.

இப்போது பகலில் பொன்செல்வி இங்கேயும் வருகிறாள். அப்பா அவளை அடிப்பதில்லை, ஏனென்று தெரியவில்லை. வாசலில் பூட்டுக்குப் பதில் மணி தொங்குகிறது, கதவைத் தொட்டால் அடிக்கும். ஜூலையில் நான் போன பிறகு என்ன என்று மஹேஷ் கேட்கவில்லை. கேட்பான். அவன்தான் பதில் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்வேன். சொல்ல முடிகிறதா என்று பார்க்கிறேன்.

உன்னைத் திரும்பி வரச்சொல்லி இதை எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை.

அன்புடன்
மாளவிகா

•

கரமனை,
24 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நான் சுகம். வேனல் தாங்கவில்லை; நீங்கள் பழக்கம் விட்டுப்போனவர், மோர் நிறையக் குடியுங்கள்.

திங்கட்கிழமை தீசிஸைக் கொடுத்துவிட்டேன். ஜூனிலிருந்து காலேஜில் மறுபடி வகுப்பு எடுக்கிறேன்.

நேற்று சாயங்காலம் மஹேஷ் இங்கே வந்தார். கேட்டுக்கு வெளியேயே நின்றார். ஷிஜா “கேறி வரூ” என்று இரண்டு முறை உள்ளே கூப்பிட்டாள், வரவில்லை. நான் இறங்கிப் போனேன். என்ன பேசினோம் என்பதை எழுதவில்லை அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம்தான் பேசினோம். பூட்டைப் பற்றி அவரே ஆரம்பித்தார்.

உங்களுக்கு ஓய்வு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறும் முன்னே ரதீஷ் ஆட்டோவில் வருகிறேன். அப்பாவை ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய், இட்லி வாங்கிக் கொடுத்து, கொண்டுவந்து விடுகிறேன். இனி எல்லா ஞாயிறும் அப்படித்தான்.

நான் உள்ளே வரமாட்டேன். வாசலில் நிற்கிறேன். அப்பாவுக்குச் செருப்பு மாட்டி அனுப்புங்கள்.

ஸ்மிதா